திரையின் அகலமும் நம் எதிர்பார்ப்பும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும், படம் நம்மை வந்தடையும் வடிவமும் பார்ப்பவர் மனத்தில் என்ன எதிர்பார்ப்பை விதைக்கின்றன என்பதே அப்பொருள். எனவே இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். 1.33:1 என்று எழுதும் இடங்களில், படத்தின் உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 1.33 பங்கு என்று கொள்ளவேண்டும்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை ஒருவர்): அண்மையில் ஒரு புதிய படத்தைப் பார்க்கத் தொடங்கினேன். திரை கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது. இரு பக்கமும் கறுப்பு. யாரும் ஒரு சொல் பேசுவதற்கு முன்பே, இது மெதுவாக நகரும் துயரமான படம் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. படமும் அப்படியே இருந்தது. வெறும் வடிவத்துக்கு இப்படியொரு பொருள் உண்டா?

பதில்: உங்கள் மனம் ஊகித்தது சரிதான். ஆனால் அந்த ஊகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், வடிவத்தின் இயல்பிலிருந்து வந்தது கொஞ்சமும், நூறாண்டுப் பழக்கத்திலிருந்து வந்தது மிகுதியும் என்று தெரியவரும்.

1890-களின் தொடக்கத்தில், எடிசனின் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் டிக்சன், 35 மி.மீ. அகலமுள்ள படச்சுருளில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு (ஃபிரேம்), ஓரத்தில் நான்கு துளைகள் என்று அளவு வகுத்தார். அதனால் அமைந்த வடிவம் ஏறத்தாழ 1.33:1. 1920-களின் இறுதியில் ஒலியும் அதே சுருளின் ஓரத்தில் ஒரு கோடாக இடம் பிடித்துக்கொண்டபோது, படம் இன்னும் சுருங்கிச் சதுரத்தை நெருங்கியது. பலருக்கும் அது உவப்பாக இல்லை. 1932-இல் ஆஸ்கர் விருது வழங்கும் ஹாலிவுட்டின் அகாடமி 1.37:1 என்பதைப் பொதுத் தரமாக ஏற்று அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிரிப்புப் படம், போர்ப் படம், காதல் படம், துப்பறியும் படம் என எல்லாமே அந்தச் சட்டகத்துக்குள்தான் நடந்தன. அக்காலத்துப் பார்வையாளர் எவரும் அந்த வடிவத்தில் துயரத்தைக் காணவில்லை. அவர்களுக்குச் சினிமா என்றாலே அந்த வடிவம்தான். அதற்கு வேறெந்தப் பொருளும் இருந்ததாக அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சினிமாவிடமிருந்தே அது 4:3 என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது. அதுவும் 1.33:1-தான். வீட்டிலேயே படம் பார்க்கலாம் என்றான பின் அரங்குகளில் கூட்டம் குறைய, வீட்டுப் பெட்டியால் தர இயலாத ஒன்றைத் தரவேண்டிய கட்டாயம் திரைத்துறைக்கு ஏற்பட்டது. 1952-இல் மூன்று புரொஜெக்டர்களைக் கொண்டு வளைந்த திரையில் காட்டிய சினிராமா வந்தது. 1953-இல் சினிமாஸ்கோப் வந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி கிரெத்தியன் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்த லென்ஸ், அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சாதாரணச் சுருளில் பதிவு செய்தது. அரங்கில் மற்றொரு லென்ஸ் அதை மீண்டும் விரித்துக் காட்டியது. 2.55:1 என்று தொடங்கிய அந்த அகலம், ஒலிக்கோட்டுக்கு இடம் விட்டபின் 2.35:1 என்று நிலைபெற்றது. ஆக, ஒரே பத்தாண்டுக்குள் பழைய வடிவம் வீட்டுக்குரியதாகவும் அகன்ற வடிவம் அரங்குக்குரியதாகவும் பிரிந்துபோயின. புராணக் கதைகள், பாலைவனங்கள், படைகள், கடற்பயணங்கள் ஆகியவற்றையே அகலத்திரை நாடியதால், அகலம் என்றால் பிரம்மாண்டம் என்ற பொருள் அதன்மேல் படிந்தது. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தொடக்ககாலச் சினிமாஸ்கோப் லென்ஸ்கள் முகத்தை மிக நெருங்கி எடுத்தால், கன்னங்கள் வீங்கியதுபோல் காட்டின. ஆகவே குளோசப்பைத் தவிர்த்துக் கூட்டத்தையும் நிலப்பரப்பையும் தூரத்தில் நின்று எடுக்கவேண்டிய நெருக்கடி ஒளிப்பதிவாளருக்கு இருந்தது. சில ஆண்டுகளில் லென்ஸ்கள் திருந்தின. ஆனால் அதற்குள் பார்வையாளரின் பழக்கம் ஊன்றிவிட்டது.

அடுத்த திருப்பம் 16:9 தொலைக்காட்சி. 1980-களில் அந்த வடிவத்தை முன்வைத்த பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், அன்று புழக்கத்தில் இருந்த விகிதங்கள் ஒவ்வொன்றுக்கும் சமப்பரப்புள்ள செவ்வகங்களை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவை அனைத்தையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், அனைத்துக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஏறத்தாழ 1.77:1, அதாவது 16:9, என்ற ஒரே விகிதத்தில் அமைந்திருந்தன. இன்று நம் வீடுகளில் இருப்பது அந்தச் சமரச வடிவம்தான். அது பரவிய பிறகு, 1.33:1 எங்கும் இயல்பாக உரியதாக இல்லாத வடிவமாயிற்று. அதை இன்று ஓர் இயக்குநர் எடுத்தால் வேண்டுமென்றே எடுத்திருக்கிறார் என்று பொருள். கடந்த காலத்தையோ தனிமையையோ காட்ட விரும்பிய கலைப்பட இயக்குநர்கள் பலர் அப்படி எடுத்ததால், பழைமையும் ஏக்கமும் அந்த வடிவத்தின்மேல் படிந்தன. உங்கள் மனம் முதல் நொடியில் படித்தது இந்தப் படிவைத்தான்.

ஆயினும் எல்லாமே பழக்கம் என்று சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மையே ஆகும். முகம் அகலத்தைவிட உயரம் மிகுந்தது. சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் ஒரு முகத்தை வைத்தால் பக்கங்களில் அதிக இடம் எஞ்சாது. அருகில் நிற்பவர் வெளியே தள்ளப்படுகிறார். ‘இடா’ என்ற 2013-ஆம் ஆண்டுப் போலந்துப் படம் 1.37:1-இல், முகங்களைச் சட்டகத்தின் அடிப்பகுதியில் வைத்து, தலைக்கு மேல் பெரும் வெற்றிடத்தை விடுகிறது. துறவு வாழ்வை நோக்கிச் செல்லும் ஒரு பெண்ணின்மேல் அந்த வெற்றிடம் எவ்வளவு கனமாக அழுத்துகிறது என்பதை 2.35:1-இல் காட்டவே இயலாது. அங்கே மேலே போக இடமில்லை. வடிவம் தானாகத் துயரத்தைத் தருவதில்லை. சிலவகைத் துயரங்களுக்குத் தேவையான இடத்தை அது தருகிறது.

கேள்வி (ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர்): முன்பெல்லாம் தொலைக்காட்சியில் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால், பாதித் திரை வீணாகிறது என்று வீட்டில் எல்லோரும் குறைபட்டுக்கொள்வோம். இன்று என் பேத்தி தான் எடுக்கும் சிறு காணொளிகளில் அதே பட்டைகளைத் தானே சேர்க்கிறாள். கேட்டால், அப்போதுதான் சினிமா போல இருக்கும் என்கிறாள். குறையாக இருந்தது எப்படி அழகாயிற்று?

பதில்: உங்கள் குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளும் அவரவர் காலத்துக்குச் சரியாகவே நடந்துகொண்டிருக்கின்றன.

2.35:1 படத்தை அகலம் குன்றாமல் 4:3 பெட்டியில் காட்டினால், திரையின் உயரத்தில் ஏறத்தாழ 57 விழுக்காடு மட்டுமே படம்; மீதி கறுப்பு. மாறாக, உயரம் முழுவதையும் நிரப்பினால் படத்தின் அகலத்தில் 43 விழுக்காடு வெளியே போய்விடும். பல்லாண்டுக் காலம் தொலைக்காட்சி நிலையங்களும் வீடியோ நிறுவனங்களும் இரண்டாவது வழியையே தேர்ந்தன. சட்டகத்தின் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது என்று ஒரு தொழில்நுட்பர் காட்சிக்குக் காட்சி முடிவு செய்தார். தேவைப்பட்டால் படத்தில் இல்லாத பக்கவாட்டு நகர்வையும் புதிதாகச் சேர்த்தார். இருவர் மேசையின் இரு முனைகளில் அமர்ந்து பேசும் ஒரு காட்சியை அப்படி வெட்டப்பட்ட வடிவில் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். இடது ஓரத்தில் ஒரு மூக்கு, வலது ஓரத்தில் ஒரு மூக்கு, நடுவில் ஆளில்லாத மேசை. பல ஆண்டுகள் கழித்து முழு அகலத்தில் அதே காட்சியைப் பார்த்தபோதுதான், அந்த மேசையின் நீளமே இருவருக்கும் இடையிலான மனக்கசப்பைச் சொல்வதற்காக வைக்கப்பட்டது என்று புரிந்தது. அதுவரை எனக்கு மறைக்கப்பட்டிருந்தது படத்தின் ஓரம் மட்டுமன்று, அதன் கருத்தும்தான்.

கறுப்புப் பட்டை அன்று பார்வையாளருக்கு இழப்பாகத் தெரிந்ததற்குக் காரணம், திரையின் எல்லையும் படத்தின் எல்லையும் ஒன்றே என்று நாம் நம்பியிருந்ததுதான். படத்தை ஆழமாக நேசித்தவர்கள் பட்டையுள்ள பதிப்பைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். டிவிடி வந்தபின் அது பொதுவழக்கம் ஆயிற்று. இவ்வாறு ‘பட்டை உள்ள படம் முழுமையான படம்’ என்றும், அதிலிருந்து ‘பட்டை உள்ள படம் தீவிரமான படம்’ என்றும் பொருள் நகர்ந்தது. ஓடிடி தொடர்கள் இந்த நகர்வை நன்கு உணர்ந்திருக்கின்றன. ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தோராரோ 1998-இல் முன்மொழிந்த 2:1 விகிதத்தில் பல தொடர்கள் இன்று வெளிவருகின்றன. 16:9 திரையில் அது மேலும் கீழும் மெல்லிய பட்டையை மட்டுமே விடும். அந்த மெல்லிய கறுப்பு, ‘இது வழக்கமான தொலைக்காட்சித் தொடர் அன்று’ என்று முதல் காட்சியிலேயே அறிவித்துவிடுகிறது.

இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு உறுதியாகிவிட்டது என்பதை 2021-இல் கண்டோம். ஜாக் ஸ்னைடரின் ‘ஜஸ்டிஸ் லீக்’ பதிப்பு 4:3 வடிவில் ஓடிடியில் வந்தது. ஐமேக்ஸ் எனும் மிகப்பெரிய அரங்குத் திரையின் உயரத்தை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டதால் அந்த வடிவம் அதற்கு இயல்பானது. அதில்தான் மிகுதியான படம் தெரியும். ஆனால் சாகசப் படம் என்றால் அகலமாக இருக்கும் என்று பழகிய பார்வையாளருக்குப் பக்கவாட்டுக் கறுப்பு பிழைபோலத் தோன்றக்கூடும் என்பதால், படத்தின் தொடக்கத்திலேயே விகிதத்தைப் பற்றிய அறிவிப்பு ஒன்று இடம்பெற்றது.

உங்கள் பேத்திக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். 16:9-இல் எடுத்து முடித்தபின் பட்டையை ஒட்டினால், தலையும் காலும் தற்செயலாக வெட்டுப்படும். எடுக்கும்போதே அகலச் சட்டகத்தை மனத்தில் வைத்து, பக்கங்களில் இருக்கும் இடத்துக்கு ஒரு வேலை கொடுத்து எடுத்தால், அவர் தேடும் சினிமாத்தன்மை தானாக வரும்.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): பழைய படங்களில் நடிகர்கள் எல்லோரும் பருமனாகத் தெரிகிறார்களே, ஏன்?

பதில்: உங்கள் தொலைக்காட்சி 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்து நிரப்புகிறது. அதனால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறார்கள். பட அமைப்புகளில் ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்பதைத் தேர்ந்தால் பக்கங்களில் கறுப்பு வரும், முகங்கள் தம் வடிவத்துக்குத் திரும்பும். ‘ஜூம்’ என்ற வாய்ப்பைத் தேர வேண்டாம். அது மேலும் கீழும் வெட்டும். அப்படி வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ‘தி சிம்ப்சன்ஸ்’ கேலிச்சித்திரத் தொடரின் பழைய பகுதிகளை 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் 16:9-க்கு வெட்டி வெளியிட்டது. மூன்று பெயர்களில் விற்கப்படும் பீர் வகைகள் மூன்றும் மேலே உள்ள ஒரே குழாயிலிருந்து வருகின்றன என்ற ஒரு நகைச்சுவைக் காட்சியில், குழாய் இருந்த பகுதி வெட்டுப்பட்டது. நகைச்சுவையும் உடன் போயிற்று. ரசிகர்கள் விடாமல் எடுத்துக்காட்டியதால், 2020 மே மாதத்தில் 4:3 வடிவில் பார்க்கும் வாய்ப்பும் சேர்க்கப்பட்டது.

கேள்வி (இளம் குறும்பட இயக்குநர் ஒருவர்): செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் 9:16 காணொளியை என் ஆசான்கள் பிழை என்கிறார்கள்; மனிதக் கண் பக்கவாட்டில்தான் விரிந்து பார்க்கிறது என்பது அவர்கள் வாதம். என் நண்பர்களோ அதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. செங்குத்து வடிவத்தில் சினிமா இயலுமா?

பதில்: இயலும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் அதற்குமுன் அந்த வடிவம் இப்போது பார்வையாளரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை நீங்கள் எதிர்கொண்டாகவேண்டும்.

உங்கள் ஆசான்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. நமக்கு இரு கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் பார்வைப் புலம் உயரத்தைவிட அகலத்தில் மிகுதி. ஆனால் ஒரு படம் அந்தப் புலம் முழுவதையும் நிரப்பவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக மனித உருவத்தை நெடுக்குவாட்டில் தீட்டியிருக்கிறார்கள். புத்தகத்தின் பக்கமும் நெடுக்குவாட்டில்தான் இருக்கிறது. 1930-இல் ஹாலிவுட்டில் அகலப் படச்சுருளைப் பற்றிய விவாதம் நடந்தபோது, அங்கு வந்திருந்த சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன் சதுரத் திரையை வலியுறுத்தினார். முப்பது ஆண்டுகளாகச் சினிமா கிடைமட்டத்தை மட்டுமே போற்றி, நிமிர்ந்து நிற்கும் வடிவங்கள் அனைத்தையும் கைவிட்டுவிட்டது என்பது அவர் முறையீடு. சதுரத்துக்குள் ஓரங்களை மறைத்து இரண்டு வகையையும் காட்டலாம் என்றார். அன்று அவர் பேச்சு எடுபடவில்லை.

இன்று செங்குத்து வடிவம் பரவியதற்குக் காரணம் கலைக்கொள்கை அன்று, கை. செல்பேசியை ஒரு கையில் நிமிர்த்திப் பிடிப்பதே எளிது. அப்படிப் பிடித்தபடி 16:9 காணொளியைப் பார்த்தால், 9:16 திரையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே படம் தெரியும். 2018 ஜூனில் இன்ஸ்டாகிராம் தொடங்கிய ஐஜிடிவி, நீண்ட காணொளிகளையும் செங்குத்தாக மட்டுமே ஏற்போம் என்றது. ஓராண்டு நிறைவதற்குள், 2019 மே மாதத்தில் கிடைமட்டத்தையும் ஏற்றது. 2020-இல் வந்த குவிபி என்ற செல்பேசிக் காணொளிச் சேவை, பேசியை எப்படித் திருப்பினாலும் அதற்கேற்ற சட்டகத்தைக் காட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவே மூடப்பட்டது. அது வீழ்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், ஒன்றை நான் கவனித்தேன். இரண்டு விகிதங்களுக்கும் பொருந்தும்படி எடுக்கப்பட்ட காட்சியில், பாத்திரங்கள் எப்போதும் நடுவிலேயே நிற்கவேண்டியிருந்தது. இரண்டுக்கும் உரியது எதற்கும் உரியதாக இல்லாமல் போயிற்று.

செங்குத்துச் சட்டகத்தைப் பார்க்கும் நொடியில் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் நம்மை நேரே பார்த்துப் பேசப்போகிறார். அவர் நடிகர் அல்லர், ‘ஒரு ஆள்’. இது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடலாம். இன்னொரு பக்கம், வெள்ளமோ விபத்தோ நேர்ந்த இடத்திலிருந்து வரும் செங்குத்துக் காட்சியை நாம் உடனே நம்புகிறோம். அங்கிருந்த ஒருவர் பதற்றத்தில் பேசியை எடுத்துப் பிடித்தார் என்று அந்த வடிவமே சான்று சொல்கிறது. செய்தித் தொலைக்காட்சிகள் அதன் இரு பக்கமும் மங்கலாக்கிய அதே படத்தை வைத்து நிரப்பினாலும், நடுவில் உள்ள ஒடுங்கிய சட்டகம் ‘சாட்சி’ என்ற தன் முத்திரையை இழப்பதில்லை. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பொய்யான காட்சியைத் தயாரிப்பவரும் இதே நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை இங்கே சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே நீங்கள் செங்குத்தில் கதை சொன்னால், பார்வையாளர் நெருக்கத்தையும் வேகத்தையும் உண்மையையும் எதிர்பார்த்து வந்து உட்காருவார். நெருக்கத்தைக் கொடுங்கள், அது அந்த வடிவத்தின் வலிமை. வேகத்தை மறுத்துப் பாருங்கள். கிணறு, மாடிப்படி, மின்தூக்கி, மரம், கதவிடுக்கு, நின்றபடி அழும் மனிதர் ஆகியவற்றையெல்லாம் அகலத்திரை எப்போதும் பாதியாகவே காட்டி வந்திருக்கிறது. மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இருவரை ஒரே சட்டகத்தில் வைத்தால், அவர்களுக்கிடையே யார் உயர்ந்தவர் என்ற கேள்வி சொல்லாமலே எழும். பக்கவாட்டில் ஒருவரை ஒருவர் நெருங்கும் காட்சிக்குத்தான் அங்கே இடமில்லை.

கேள்வி (வாசகர் ஒருவர்): புதிதாக வாங்கிய பெரிய தொலைக்காட்சியில் நல்ல படங்கள்கூட வீட்டு நாடகம் போலத் தெரிகின்றன. படத்தின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே?

பதில்: கோளாறு அசைவில் இருக்கிறது. ஒலி வந்த காலத்தில் சினிமா விநாடிக்கு 24 சட்டகங்கள் என்று நிலைபெற்றது. ஒலி சீராகக் கேட்க வேகம் சீராக இருக்கவேண்டும் என்பதே காரணம். அந்த வேகத்தில் அசைவுகள் சற்றே மங்கி, சற்றே விட்டுவிட்டுத் தெரியும். தொலைக்காட்சி நிலையத்தின் வீடியோ கேமராக்களோ விநாடிக்கு 50 அல்லது 60 முறை காட்சியைப் பதிந்தன. அசைவு வழவழப்பாக இருந்தது. பல்லாண்டுகளாக முதலாவதில் கதைப்படங்களையும் இரண்டாவதில் செய்தி, விளையாட்டு, நாடகங்களையும் பார்த்துப் பழகியதால், மங்கலான அசைவு கற்பனை உலகத்துக்கும் தெளிவான அசைவு அன்றாட உலகத்துக்கும் அடையாளமாகிவிட்டன. விநாடிக்கு 48 சட்டகங்களில் 2012-இல் வெளியான ‘தி ஹாபிட்’ முதல் பாகத்தைப் பார்த்த பலர், அரங்க அமைப்பும் ஒப்பனையும் அப்பட்டமாகத் தெரிகின்றன என்று குறைகூறியது இதனால்தான். தகவல் கூடியது, நம்பிக்கை குறைந்தது.

உங்கள் தொலைக்காட்சி, இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களைத் தானே கணித்து நுழைக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பட அமைப்புகளில் அசைவு தொடர்பான பகுதியைத் தேடி அதை நிறுத்துங்கள். 2019-இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உங்கள் பெட்டியில் இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். அது இந்தக் கணிப்பையும் நிறுத்தும், படத்தின் விகிதத்தையும் மாற்றாமல் காட்டும். விளையாட்டுப் போட்டி பார்க்கும்போது வேண்டுமானால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

கேள்வி (திரைப்படக் கழக உறுப்பினர் ஒருவர்): படத்தின் நடுவிலேயே விகிதம் மாறும் படங்கள் பெருகிவருகின்றன. இது தேவையா, வெறும் வித்தையா?

பதில்: பார்வையாளரின் எதிர்பார்ப்பை முதலில் ஊன்றி, பிறகு அதை அசைக்கும் மாற்றம் வித்தை ஆகாது. 2014-இல் வெளியான ‘மம்மி’ (Mommy) என்ற கனடியப் படம் 1:1 சதுரத்தில் நெடுநேரம் செல்கிறது. மூச்சுமுட்டும் அந்தச் சட்டகத்துக்கு நாம் பழகிய பின், மகிழ்ச்சியின் உச்சத்தில் இளைஞன் தன் இரு கைகளாலும் அதன் ஓரங்களைத் தள்ளித் திறக்கிறான். துன்பம் திரும்பும்போது சட்டகம் மீண்டும் ஒடுங்குகிறது. அதே ஆண்டு வந்த ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’, 1930-களின் கதையை 1.37:1-இலும், 1960-களை அகலத்திரையிலும், 1980-களை 1.85:1-இலும் சொல்கிறது, அந்தந்தக் காலத்துத் திரையின் வடிவம் என்று நம் நினைவில் படிந்திருப்பதையே அது காலத்தின் அடையாளமாகப் பயன்படுத்துகிறது. இவற்றில் வடிவம் கதையின் ஒரு பகுதி.

2008-இல் ‘தி டார்க் நைட்’ தொடங்கிவைத்த வழக்கம் வேறுவகை. சில காட்சிகள் மட்டும் ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டதால், அங்கே சட்டகம் உயரத்தில் விரிகிறது. 1.43:1 விகிதமுள்ள பெரிய ஐமேக்ஸ் திரையின்முன் அமர்ந்திருப்பவருக்கு அது உடலால் உணரும் அனுபவம். வீட்டில் பார்ப்பவருக்கோ, பட்டைகள் தோன்றுவதும் மறைவதுமாக மட்டுமே தெரியும். ஒரே மாற்றம் ஓரிடத்தில் பேரின்பமாகவும் மற்றோரிடத்தில் இடையூறாகவும் ஆவதால், அதை வித்தை என்று தள்ளவும் எனக்கு மனமில்லை, தேவை என்று வாதாடவும் துணிவில்லை.

கேள்வி (திரைக்கல்வி மாணவி ஒருவர்): ஒரே அறையில் ஓர் இரவு தங்கும் இரு சகோதரிகளைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். அவர்கள் ஐந்து ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. எந்த விகிதத்தைத் தேர்வது?

பதில்: சிறிய அறை என்பதால் 1.37:1 என்று பலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது தவறான யோசனை அன்று. ஒரு சகோதரியைக் காட்டும்போது மற்றவரை வெளியே நிறுத்த அது உதவும், அவர்கள் பேசாதிருப்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும். ஆனால் உங்கள் கதை அவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது என்றால், நான் 2.35:1-ஐயும் எண்ணிப் பார்ப்பேன். இருவரையும் ஒரே சட்டகத்தின் இரு ஓரங்களில் அமர்த்தி, நடுவில் இருக்கும் கட்டிலைக் காலியாக விடலாம். பார்வையாளர் அகலத்தைக் கண்டதும் பெரிய வெளியை எதிர்பார்ப்பார். அவருக்கு நான்கு சுவர்கள் கிடைக்கும்போது அறையின் இறுக்கம் கூடும்.

எழுத்தில் இதை முடிவு செய்ய வேண்டாம். கெட்டியான அட்டையில் 1.37:1, 1.85:1, 2.35:1 ஆகிய மூன்று துளைகளைச் சமப்பரப்பில் வெட்டிக்கொண்டு, இரு நடிகைகளையும் அந்த அறையில் உட்காரவைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எந்தத் துளையில் உங்களுக்குத் தேவையில்லாத பொருள்கள் மிகக் குறைவாகத் தெரிகின்றனவோ, அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒத்திகை முழுவதையும் அந்த ஒரே துளையின் வழியாகப் பாருங்கள். இருவரும் எழுந்து நடக்கும்போதும் அது தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

படம் முடிந்தபின் ஒன்றை மறக்காதீர்கள். அகலத்திரையைத் தேர்ந்தால், இறுதிக் கோப்பில் கறுப்புப் பட்டைகளைப் படத்தோடு சேர்த்துப் பதிய வேண்டாம். உங்கள் விகிதத்திலேயே கோப்பை உருவாக்குங்கள். பட்டைகளோடு பதிந்த 16:9 கோப்பை ஒரு திரைப்பட விழாவின் அகன்ற திரையில் காட்டினால், மேலும் கீழும் நீங்கள் சேர்த்த கறுப்பும், இரு பக்கமும் திரை விடும் கறுப்பும் சேர்ந்து, நான்கு புறமும் இருளுக்கு நடுவே படம் சிறுத்துப்போய்விடும். படத்தை அனுப்பும்போது விகிதத்தைத் தெளிவாகக் குறித்து அனுப்புங்கள். இயலுமானால் திரையிடலுக்குமுன் அரங்குக்குப் போய் முதல் ஷாட்டை மட்டுமாவது ஓட்டச் சொல்லி, நான்கு ஓரங்களையும் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.